ஊட்ல கேட்டுச் சொல்றேன் என்றேன்

பெனினா அப்பாவுக்கு ஸ்தோத்திரம். இருமல் விட்டதா?

நேற்று கம்பெனி ஆபீஸ் ரூமில் மேனேஜர், சூப்பர்வைசர் ஹேமாவதி அக்கா, நான், மூன்று பேர்தான் இருந்தோம். “பேக்கிங் போதும்மா, ஸ்டோர்ஸ் கணக்கைப் பாக்கறியா?” என்றார் மேனேஜர். சந்தோஷத்தில், “ஊட்ல கேட்டுச் சொல்றேன் சார்” என்று உளறிவிட்டேன். வெளியே வந்ததும் அக்கா, “வேலை உனக்கா, உன் ஊட்டுக்காரருக்கா?” என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கல்யாணமான புதிதில் மணவாள நகர் கடையில் கணக்கெழுதக் கூப்பிட்டபோதும் உங்களைத்தான் கேட்டேன். ‘பாக்கலாம்’ என்றீர்கள். அந்த இடம் போய்விட்டது. அப்புறம் யாரும் கூப்பிடவேயில்லை. போனில் மறுபடியும் ‘பாக்கலாம்’ என்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கணக்குப் பார்க்க என் கண்ணாடி வேண்டும், பெனினா என்னைப் பார்க்க வரும்போது கொடுத்தனுப்புங்கள். இங்கே கும்மிடிப்பூண்டி ஹாஸ்டலில் நான் தனியாக ஜெபித்தால் ஆமென் சொல்ல ஆளில்லை.

திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிடுவேன். அதற்குமுன் உங்களிடமிருந்தும் அந்தச் ‘சரி’ வர ஆசை. சீக்கிரம் பதில் போடுங்கள்.

மெர்சி