இரண்டு இலவசக் காவல்காரர்கள்

மார்ச் 4, செவ்வாய்

மச்சினன் வந்து போனான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பலகையில் 'கணினி டாக்டர்' என்று போட்டுக்கொண்டதால் வீட்டில் அவனுக்கு டாக்டர் என்றே பெயர், நான் வைத்தது. எங்கள் கம்ப்யூட்டரை அரை மணி நேரம் குடைந்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டான். "மாமா, ஆன்டிவைரஸ் காலாவதியாகி எட்டு மாசம் ஆச்சு. அக்கா பரீட்சை எழுதப்போற மெஷின் இது. காசு குடுத்து நல்லதா ஒண்ணு போட்டுடலாம்."

எட்டு மாதத்தில் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்டேன். சிரித்தான். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் சர்வீஸ் பார்க்கிறவன் நான். "கயிறு அறுந்தா யார் சார் பொறுப்பு?" என்று ஒரே கேள்வியில் குடியிருப்புக்காரர்களின் வயிற்றைக் கலக்கி, வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிற ஆள். என்னிடமே பயம் விற்கிறான் பொடியன்!

மார்ச் 6

என் மனைவி படிக்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடம் ஓடிவிட்டது. மேற்பார்வையாளர் ஆக வேண்டும். பரீட்சை 23ஆம் தேதி, வீட்டிலிருந்தே, கேமரா முன்னால் மூன்று மணி நேரம், நூறு கேள்வி. போன வருடம் நாலு மதிப்பெண்ணில் போயிற்று. வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் இல்லை.

விதிமுறை பதினோரு பக்கம். ஆன்டிவைரஸ் கட்டாயம் இருக்க வேண்டும். பரீட்சைத் திரையைத் தவிர கம்ப்யூட்டரில் வேறெந்த ஜன்னலும் திறக்கக் கூடாது; திறந்தால் அத்தோடு சரி. இதை எழுதியவனுக்கு வீட்டில் வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

காசு கட்டினால் என்னென்ன கிடைக்கும் என்று படித்தேன். பிள்ளைகள் கண்காணிப்பாம், அடையாளப் பாதுகாப்பாம். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, எவனும் திருடிக்கொண்டு போகிற அளவுக்கு அடையாளமும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் வருடா வருடம் சந்தா கட்டுகிறார். கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போவார். தலை துவட்டி வரும்போதும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். பெரிய பாதுகாப்பு!

இலவசம் ஒன்றை இறக்கிப் போட்டேன். ஐந்து நிமிடம்.

மார்ச் 15

ஒத்திகைப் பரீட்சை. ஒரு தடங்கலும் இல்லை. உடனே டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன், சொல்லாமல் விடுவேனா?

"சரி மாமா. இலவசம்னா நடுவுல எதாவது கத்திக்கிட்டே இருக்கும். அந்த அறிவிப்பை மட்டும் நிறுத்தி வைங்க. முடியலன்னா நான் வந்து பண்றேன்."

நீ வர வேண்டாம் ராசா. நானே நிறுத்தினேன்.

மார்ச் 22

காலைச் சாப்பாட்டில் அவள் மெதுவாக, "தம்பி சொன்னதையே போட்டிருக்கலாமோ?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தம்பி, தம்பி, தம்பி! நான் என்ன விரல் சூப்பிக்கொண்டா இருக்கிறேன்?

அவள் கடைக்குப் போன நேரத்தில் இன்னொரு இலவசத்தையும் போட்டுவிட்டேன். லிஃப்ட்டை ஒரே கயிற்றிலா தொங்கவிடுகிறோம்? நாலு போடுகிறோம். இரண்டு இலவசம் சேர்ந்தால் ஒரு சந்தாவுக்கு ஈடாகாதா என்ன? அவளிடம் சொல்லவில்லை. பாஸான பிறகு சொல்லி, டாக்டர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 23

முடிஞ்சு போச்சு.

மார்ச் 24

நேற்று எழுத முடியவில்லை. எழுபத்தோராவது கேள்வியில் திரை மூடிக்கொண்டது. 'விதிமீறல். தேர்வு ரத்து.' அறையை விட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் கைதாங்க எங்கியோ பட்டிருக்கும். எதையோ அமுக்கிட்டேன்."

உள்ளே போய், அந்த ரத்து அறிவிப்பை மூடிவிட்டு அடியில் பார்த்தேன். நேற்று முன்தினம் போட்ட இரண்டாவது ஆன்டிவைரஸ் பெரிதாக ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. சந்தேகத்துக்குரிய புரோகிராம் பிடிபட்டதாம், நீக்கலாமா என்று கேட்டது. பிடித்தது எதை? முதல் ஆன்டிவைரஸை! வெளியிலிருந்து ஒரு திருடனும் வரவில்லை. நான் வைத்த காவல்காரன் நான் வைத்த காவல்காரனையே பிடித்திருக்கிறான்.

ஜன்னலை மூடினேன். இரண்டாவதை அழித்தேன். அவள் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சே, என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 26

சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பதினாறு வருஷத்துல ஒரு சாம்பிள்கூட இந்தக் கையில சிந்தினதில்ல. அன்னிக்குன்னு பார்த்து இப்படிப் பண்ணிடுச்சே."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மார்ச் 27

டாக்டர் வந்தான். கம்ப்யூட்டரைத் திறந்து, எது எப்போது போடப்பட்டது, எப்போது அழிக்கப்பட்டது என்று வரிசையாகப் பார்த்தான். என்னை ஒரு முறை பார்த்தான். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னான். "பதினஞ்சு நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம் மாமா. நடந்தது நடந்தபடி எழுதணும், அக்கா கையெழுத்தும் வேணும். ஆனா என்ன நடந்துச்சுன்னு அக்காவுக்குத் தெரியாதே."

கத்தியிருக்கலாம் அவன்.

மார்ச் 28

எழுதினேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். ஐந்தாவதில், 'என் மனைவிக்குத் தெரியாமல் நான் கவனக்குறைவால் நிறுவிய இரண்டாவது மென்பொருளே காரணம்' என்று வந்தது. அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அஞ்சு நாளா என் கையைத் திட்டிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

பேனாவை எடுத்தாள். 'கவனக்குறைவால்' என்பதை அடித்துவிட்டு மேலே 'வீம்பால்' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். "நல்லாப் பிரதி எடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தச் சொல்லோடேயே பிரதி எடுத்தேன்.

ஏப்ரல் 11

மறுதேர்வுக்கு அனுமதி வந்துவிட்டது. உன் கடையில் எழுதுகிறேன் என்றாள், போனில், தம்பியிடம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளை உள்ளே உட்கார வைத்தான். கேமராவில் வேறு ஆள் தெரியக் கூடாது என்பதால் நாங்கள் இருவரும் வெளியே. எனக்கு ஒரு நாற்காலி போட்டான். வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். ஒருவர் முறைத்துவிட்டுப் போனார். போகட்டும்.

மூன்று மணி நேரம் கழித்துக் குனிந்து வெளியே வந்தாள். "நூறும் எழுதிட்டேன்டா" என்று தம்பியிடம் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நாற்காலியை உள்ள போட்டுட்டு வாங்க. வீட்டுக்குப் போகலாம்."

மூன்று வாரத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு இது. போட்டுவிட்டு ஓடினேன்.