ராத்தங்கலுக்கு லைசென்ஸ்

ஜூன் 9, திங்கள்

பென்னாகரத்தில் வெயில் இன்னும் விடவில்லை. எங்கள் மாற்றுத்திறன் பிள்ளைகள் சென்டரில் மின்விசிறி ஒன்று அவுட்.

சாந்தி மறுபடி வந்தாள், பூங்கொடியைத் தூக்கிக்கொண்டு. நடக்காத, பேசாத மகள். தூக்கித் தூக்கியே தாய்க்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. உடனே ஆபரேஷன் என்கிறார் டாக்டர். ஒரு வாரம் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பகலில் எங்களிடம் விடலாம். ராத்தங்கலுக்கு லைசென்ஸ் இன்னும் வரவில்லை.

"உங்க வூட்டுலயாவது படுக்க வெச்சுக்கங்க டீச்சர்."

முடியாது என்றேன். லைசென்ஸ் தரும் ஆபீசில் ஏற்கெனவே கேட்டாயிற்று. பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை ராத்தங்க வைத்தால் என் வீட்டுக்கும் லைசென்ஸ் வேணுமாம். மீறினால் பகல் சென்டருக்கும் பூட்டு. மற்ற பிள்ளைகள் எங்கே போவார்கள்? சாந்தி மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குத்தான் நாள் முழுக்கக் கோபம், யார் மேல் என்று தெரியாமல்.

ஜூன் 12, வியாழன்

லைசென்ஸ் ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து சென்டரைப் பார்த்தார். குறைகள்:
சாய்தளம் செங்குத்து, இடித்துக் கட்டணும்.
தீயணைப்புச் சான்று பழசு.
பெண் பிள்ளைகள் அறைத் தடுப்பு கூரை வரை இல்லை.
பாத்ரூமில் கைப்பிடி ஆடுகிறது (எனக்கும் தெரியும்).

எங்கோ ஒரு ஹோமில் ராத்திரி ஒரு பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதாம், அதனால்தான் இந்தக் கெடுபிடி என்றார். நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

ஜூன் 20, வெள்ளி

கொத்தனார் வரவில்லை. பாலக்கோட்டில் கல்யாணமாம்.

பூங்கொடிக்குப் பிறந்தநாள். பச்சைச் சுடிதார். சாந்தி எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள், நான் இரண்டு தின்றேன். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டாளாம். சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

லைசென்ஸ் வந்தது! சாந்திக்கு போன் போட்டேன். மத்தியானமே பையோடு வந்துவிட்டாள். பூங்கொடியின் ஆதாரை எடுத்துப் பார்த்தேன். போன மாதமே பதினெட்டு முடிந்துவிட்டது. லைசென்ஸ் பதினெட்டுக்குக் கீழே மட்டும்.

எப்படியோ சொல்லிவிட்டேன். சாந்தி மகளைப் பார்த்தாள்.

"பதினெட்டு ஆனது அவளுக்கே தெரியாதுங்களே டீச்சர்."

ஆபீஸ் அம்மாவுக்கு போன். சென்டரில் கூடவே கூடாது என்றார். அப்படியென்றால் என் வீட்டில்? பதினெட்டு தாண்டிய ஒருவர் உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தால் எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

அப்படியானால் சாக்லேட் தின்ற அன்றே கூட்டி வந்திருக்கலாம். இரண்டு வாரம் சாந்தி சும்மா வலி தின்றிருக்கிறாள். எனக்கு உறைக்கவே இல்லை. சே.

சாந்தி ஆபரேஷனுக்குத் தருமபுரி பஸ் ஏறிவிட்டாள். பூங்கொடி என் கட்டிலில். ரசம் சாதம் ஊட்டினேன், பாதி துப்பினாள். சென்டரில் எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்குவோம். இன்று பாத்ரூமுக்குத் தனியாகத் தூக்கினேன். இத்தனை கனமா.