பிரேக் மிதித்தவள்

என் ‘என்னங்க’வுக்கு,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்? அதனால் காலம் முழுக்கக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன். அப்போதெல்லாம் கார் பானட்டுக்குள்ளிருந்து “ம்” என்று ஒரு சத்தம் வரும். இப்போது அதுவும் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்களுக்கு வருஷத் திதி வருகிறது. பேப்பரில் நினைவஞ்சலி போட வேண்டும், அப்பா போட்டோ அனுப்பும்மா என்று கவிதா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். பீரோவைக் குடைந்தேன். கிடைத்த போட்டோக்களில் எல்லாம் ஃபியட் காரின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். என் தோளில் கை வைத்த மாதிரி ஒன்று தேடினேன், இல்லை. வண்டி பாதி தெரிகிற ஒரு படத்தை அனுப்பினேன். விளம்பரத்தை அவள் போடட்டும். நான் சொல்ல வேண்டியது அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

அந்த வண்டி நம் அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்தபோதே பழைய வண்டிதான். யாரோ கோழி அடைத்து வைத்திருந்த கொட்டகையிலிருந்து கட்டி இழுத்து வந்தீர்கள். மெக்கானிக் யாரையும் தொட விடமாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கோணியை விரித்து அடியில் படுத்துக்கொள்வீர்கள். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். வீட்டுக்கு யாராவது வந்தால் நான் அந்தக் கால்களைத்தான் காட்டுவேன். தெருவில் வெள்ளம் வந்தபோது நீங்கள் முதலில் வண்டியை ஜாக்கி போட்டு ஹாலோ பிளாக் மேல் ஏற்றினீர்கள். அரிசி மூட்டையையும் மெத்தையையும் நான் தனியாகத் தூக்கிப் பரணில் போட்டேன். அதையெல்லாம்கூட நான் மறந்துவிட்டேன்.

மறக்க முடியாதது பிரேக். பிரேக் ஆயில் போகும் பைப்பில் காற்று ஏறிவிட்டால் பெடல் தொளதொளவென்று போய்விடும். அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு சக்கரத்திலும் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். “வசந்தா, வா” என்பீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு வருவேன். டிரைவர் சீட்டில் என்னை உட்கார வைப்பீர்கள். அடியிலிருந்து உங்கள் குரல் மட்டும் வரும்.

“மிதி… புடி… விடு.”

நான் மிதிப்பேன், பிடிப்பேன், விடுவேன். நீங்கள் திருகாணியை மூடுவதற்கு முன்னால் நான் காலை எடுத்துவிட்டால் மறுபடி காற்று உள்ளே போய்விடும். அதனால் உங்கள் குரலுக்காகக் காத்திருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். நம் கல்யாண வாழ்க்கையில் நான் இல்லாமல் உங்களுக்கு ஒரு வேலை நடக்காது என்று இருந்தது அது ஒன்றுதான். முடிந்ததும் முகமெல்லாம் கரியோடு வெளியே வந்து, “காபி போடு” என்பீர்கள். நானும் இறங்கிப் போய்ப் போடுவேன்.

கவிதா கல்லூரிக்குப் போன வருஷம் கேட்டேனே, நானும் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா என்று. ஞாபகம் இருக்கிறதா? ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கிற கை கியர் பொம்பளைகளுக்கு வராது, கிளட்ச் பிளேட் போய்விடும் என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். நானும் சிரித்து வைத்தேன். இத்தனை வருஷம் அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட வண்டி நகர்ந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மிதித்தேன். பிரேக் கல்லு மாதிரி நிற்கிறது என்று தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்டுக்கு வெளியே நிறுத்தினீர்கள். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். சட்டை நனைந்துவிட்டது. ஆட்டோ கூப்பிடு என்றீர்கள். வாசலுக்கு ஓடினேன். வண்டி நின்றிருந்தது. இஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை. சாவி உங்கள் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தாண்டி ஓடித்தான் மெயின் ரோட்டில் ஆட்டோ தேடினேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது. என் மடியில் தலை வைத்திருந்தீர்கள். ஏதாவது சொல்ல மாட்டீர்களா என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னீர்கள்.

“வண்டி வெயில்ல நிக்குது. கவர் போடச் சொல்லு.”

அதுதான் கடைசி. தாம்பரம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நீங்கள் இல்லை. எனக்கு ஓட்டத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? தெரியாது. டாக்டரிடம் கேட்கவும் பயம். ஆனால் ஆட்டோ தேடி ரோட்டில் நின்ற அந்த நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? என் கணக்கில் இல்லை. உங்கள் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன், இன்றைக்கும் அழிக்கவில்லை.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் உங்கள் பொழிச்சலூர் நண்பர் பாஸ்கர் அண்ணா வந்தார். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். உங்களுக்குப் பிறகு வண்டி அவருக்குத்தான் என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்களாம். அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, பாவம், துருப்பிடிக்க விட்டுவிடுவாள் என்றீர்களாம். அவர் அதை என் மேலுள்ள அக்கறையாகத்தான் சொன்னார்.

“உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த பேஜாரு? நான் பத்திரமா பாத்துக்கறேன்” என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? சரி, செத்தவர் வாக்கு, அதை மீறுவானேன் என்று நானும் தலையாட்டினேன். அப்பா ஆசைன்னா குடுத்துடும்மா என்றாள் கவிதா. மழை முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று போனவர், தையில் ஒரு ஞாயிறு காலையில் வந்தார். புது பேட்டரி மாட்டினார். சோக்கை இழுத்ததும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பிரேக்கை மிதித்தவர் முகம் மாறிவிட்டது. பெடல் அப்படியே அடி வரை போகிறது என்றார்.

காற்று ஏறியிருக்கிறது. அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து தரையில் உட்காரவே முடியாது. நாளைக்கு மெக்கானிக்கைக் கூட்டி வருவதாகச் சொன்னார். நீங்கள் அப்படியே உட்காருங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டு, நைட்டிக்கு மேல் உங்கள் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கோணியை விரித்தேன். அடியில் போய்ப் படுத்தது அதுதான் முதல் தடவை. மூக்குக்கு மேலேயே வண்டி. இவ்வளவு இருட்டிலா இத்தனை வருஷம் கிடந்தீர்கள் என்று ஒரு நிமிஷம் உங்கள் மேல் இரக்கம்கூட வந்தது.

எனக்கு எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. திருகாணியைத் தப்பான பக்கம் திருகினேன். ஆயில் கையெல்லாம் வழிந்தது. பானட்டைத் திறந்து டப்பியில் பிரேக் ஆயில் ஊற்றும்போது மட்கார்டில் சிந்திவிட்டேன், அந்த இடத்தில் பெயின்ட் உரிந்துபோய்விட்டது. நீங்கள் இருந்திருந்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருப்பீர்கள். பைப்பில் தளர்ந்திருந்த ஒரு இணைப்பை இறுக்கிவிட்டு, பின்சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன். என் வாயில் உங்கள் வார்த்தைதான் வந்தது, மரியாதை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

“மிதிங்க… புடிங்க… விடுங்க.”

மூன்றாவது சக்கரத்துக்கு வந்தபோது தலைக்கு மேல் ஒரு விமானம் போயிற்று. அது போய் முடிகிற வரைக்கும் பெடலைப் பிடித்துக்கொண்டே இருந்தவர், பிறகு மேலேயிருந்து கேட்டார்.

“அண்ணி, அப்ப இவ்ளோ நாளா நீங்கதான் மிதிச்சீங்களா? அவன் ஒண்டியாவே ஏர் எடுப்பேன்னு சொல்லுவானே. டியூப் வச்சி ஏதோ டெக்னிக் கண்டுபுடிச்சிக்கிறேன்னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தான்.”

திருகாணியைப் பிடித்த கை நின்றுவிட்டது.

எதற்குங்க அந்தப் பொய்? என் பெண்டாட்டி மிதிப்பாள் என்று சொன்னால் உங்கள் தலையிலிருந்த கிரீடம் இறங்கிவிடுமா? நான் கேட்டது பாராட்டு இல்லை, போட்டோ இல்லை. ஒரு பெடலை மிதித்தவள் என்ற பேர்கூடவா எனக்குக் கிடையாது? என்னை உள்ளே உட்கார வைத்துக்கொண்டே, நான் இல்லை என்று ஊருக்குச் சொல்ல எப்படி மனசு வந்தது? வண்டியைக் கொடுத்ததை மன்னித்துவிடுவேன் போலிருந்தது. இதை மன்னிக்க முடியவில்லை.

நாலாவது சக்கரத்தையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பாஸ்கர் அண்ணா பெடலை மிதித்துப் பார்த்து, கல்லு மாதிரி நிக்குது அண்ணி என்றார். சாவி அவர் கையில் இருந்தது. நான் கையை நீட்டினேன்.

“வண்டி எங்கயும் போவாதுண்ணா. சாவியைக் குடுங்க.”

அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சாவியைக் கொடுத்துவிட்டு, கை கழுவ சோப்பு கேட்டார். செத்தவர் வாக்கை மீறிவிட்டாயே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். என்னைக் கேட்காமல் கொடுத்த வாக்குக்கு நான் எப்படிப் பொறுப்பு?

இப்போதைய சேதி இது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் காலையில் ஓட்ட விடுகிறார்கள். கியரில்தான் தடுமாறுகிறேனாம், பிரேக் மட்டும் ரொம்ப நன்றாக மிதிக்கிறேனாம். எங்கேம்மா கத்துக்கினீங்க என்று அந்தத் தம்பி கேட்டான். வீட்டில்தான் என்றேன். லைசென்ஸ் வந்ததும் குன்றத்தூர் மலையடிவாரம் வரை ஃபியட்டை ஓட்டிப்போகப் போகிறேன். கிளட்ச் பிளேட் போனால் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம். மட்கார்டில் பெயின்ட் உரிந்த இடத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். அந்த வண்டியில் என் கை பட்டதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

பாஸ்கர் அண்ணா இப்போதும் வந்து போகிறார். ஏதாவது சத்தம் கேட்டால் நான் அடியில் படுக்கிறேன், அவர் உள்ளே உட்காருகிறார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வண்டியைத் துருப்பிடிக்க விடமாட்டேன். வெயிலில் நின்றால் கவர் போடுவேன். போகிற வழியில் யாராவது நிறுத்தி, இந்தப் பழைய வண்டியை யாரும்மா பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், நான்தான் என்பேன். பிரேக்கும் நீங்களேவா என்று கேட்டால், இல்லை, மிதிப்பது பாஸ்கர் அண்ணா என்று அவர் பேரைச் சொல்லுவேன்.

மிதித்து, பிடித்து, நீங்கள் சொன்ன பிறகே விட்ட
உங்கள் மனைவி,
வசந்தா