பளிங்கில் ஒரு செம்மறி

1903 ஜனவரி 12

பால் கறந்துவிட்டு உள்ளே வந்தால் அடுப்படி முழுக்கப் பட்டாளத்துக் கிழவர்கள். நடுவில் என் வீட்டுக்காரர் ஆர்சன். கமிட்டித் தலைவராம். நாற்பது வருடத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போரின்போது வீட்டைக் காத்த பெண்களுக்கு ஊர்த்திடலில் பளிங்குச் சிலை வைக்கப் போகிறார்களாம். கல்லைப் பளிங்கு ஆலைக்காரர்கள் இனாமாகக் கொடுத்துவிட்டார்கள். குறுக்கே ஒரு கரும்பட்டை ஓடுவதால் விலைபோகாத கல். பெண்களுக்கு அது போதும்.

இதைப் பற்றி எந்தப் பெண்ணையாவது கேட்டீர்களா என்றேன். உன்னைக் கேட்கத்தானே காத்திருந்தோம், காப்பி இன்னும் இருக்கிறதா என்றார் ஆர்சன்.

ஜனவரி 15

சிலையின் கோலம் முடிவாகிவிட்டதாம். மண்டியிட்டு, கைகூப்பி, வானத்தைப் பார்த்து அழுகிறவள். அதற்கு மாதிரி நான்.

நான் அழவில்லை என்று சொல்லவில்லை. அழுதேன். கையில் வேலையை வைத்துக்கொண்டு அழுதேன். இவர் போருக்குப் போயிருந்த அந்த மூன்று வருடத்தில் நான் மண்டியிட்டதெல்லாம் தரை துடைக்கத்தான். இப்போது எங்கள் வெர்மான்ட் மாநிலம் முழுக்க வந்து பார்க்கிற மாதிரி, இடி விழுந்தாலும் அழியாத கல்லில், நான் சும்மா முழங்காலில் நின்று மூக்கைச் சிந்தப் போகிறேன். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எங்கள் செம்மறி மந்தைக்கு மயிர் கத்தரித்தது யார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஜோயல் என்பார்கள். எங்கள் பண்ணையாள். ஆர்சன் நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி ஊருக்கே பாடமாகிவிட்டது. ஜோயல் 1863 வசந்தத்திலேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். இவருக்கு ஒரு வாரம் முன்னால்தான் திரும்பி வந்தான். இவர் எலும்பும் தோலுமாக வந்து நின்றார். கொழுத்த மந்தையைப் பார்த்தார். கண்கலங்கித் தன் வெள்ளிக் கடிகாரத்தைக் கழற்றி ஜோயலிடம் கொடுத்தார். அந்தத் தடியன் வாங்கிக்கொண்டான்! அடுத்த வருடம் கடிகாரத்தோடு மேற்கே போய்விட்டான்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? அவர் உயிரோடு வந்த நாளில் ஆட்டைப் பற்றியா பேசுவேன்? பிறகு சொல்லியிருந்தால் கடிகாரத்துக்கு அடிபோடுகிறேன் என்பார். அப்படியே போய்விட்டது. அவரும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது கடிகாரம் இல்லை. அவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6

சிற்பி வந்தார். பொன்ஃபாத்தி என்கிற இத்தாலிக்காரர். மண்டியிடச் சொன்னார். மண்டியிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. அவர் ஒரு கையும் ஆர்சன் ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்கினார்கள். ஆர்சன் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பொன்ஃபாத்தி கல்லின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்தக் கோலத்தில் கரும்பட்டை சரியாக மூக்குக்குக் கீழே வரும், மீசை மாதிரி, என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

“இவர் போனப்புறம் நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கம்மா?”

ஒரு வெளியூர்க்காரர் கேட்க வேண்டியிருந்தது. ஆர்சன் தைலம் தேடி உள்ளே போயிருந்தார். நான் சிற்பியைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போய், கிழட்டு மெரினோ ஆடு ஒன்றைப் பின்புறம் தரையில் பட உட்காரவைத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக் குனிந்தேன். பிப்ரவரியில் கத்தரித்தால் ஆடு விறைத்துச் செத்துப்போகும். பிடியை மட்டும் காட்டினேன். குனிய முடிகிறது, மண்டியிடத்தான் முடியவில்லை. மனுஷன் உதட்டைக் கடித்துக்கொண்டு வரைந்தார். இதில் பட்டை ஆட்டின் முதுகுக்குப் போய்விடுமாம்.

பிப்ரவரி 8

ஆர்சன் படத்தைப் பார்த்துவிட்டார்.

“என் பொண்டாட்டி ஆட்டைக் கவட்டுக்குள்ள வச்சுக்கிட்டு ஊர் நடுவுல நிக்கணுமா?”

மீசையோடு நிற்கலாமா என்று கேட்டேன். கமிட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. மார்ச் ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்பாம். எனக்குத்தான் வாக்கு கிடையாது.

பிப்ரவரி 27

பக்கத்துப் பண்ணை ஃபிலூரா வந்தாள். அவளும் அந்த மூன்று வருடம் தனியாக உழுதவள். “கூட்டத்துக்குச் சாப்பாடு போடப்போறது நாமதானேடி, பாத்துக்கலாம்” என்றாள். என்ன பார்த்துக்கொள்வாள் என்று சொல்லவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வழக்கம்போல ஆண்கள் மேலே கூடத்தில், நாங்கள் கீழே அடுப்போடு. புகைக்குழாய் போகிற ஓட்டை வழியாக எல்லாம் கேட்கும். சபை மூப்பர் ஆல்வா எழுந்து, இந்தப் படம் அடக்கமான பெண்ணுக்கு அழகில்லை என்று வெகுநேரம் பேசினார். பாதிப்பேர் ஆமாம் போட்டார்கள். போச்சு, மண்டிதான் என்று நினைத்தேன்.

அப்போது பின்வரிசையில் யாரோ, படத்தில் இடது கை தப்பு, தாடையை அப்படிப் பிடித்தால் ஆடு திமிறும் என்றார். அவ்வளவுதான். ஆடு வைத்திருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். தாடையா, கழுத்தா? மெரினோவுக்குக் கழுத்தில் எத்தனை மடிப்பு? பெண்ணின் அடக்கத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். பீன்ஸ் சட்டியில் வறண்டுகொண்டிருந்தது.

கடைசியில் ஒருவர், அந்தம்மாவையே கேளுங்களேன் என்றார். பெண் பேச வேண்டுமானால் கூட்டத்தில் ஒருவர்கூட மறுக்கக் கூடாது. மூப்பர் மறுக்கத்தான் எழுந்தார். படியில் ஃபிலூரா, இரண்டு கையிலும் சுட்டெடுத்த ஆப்பிள் பை பலகாரத்தோடு.

“மூப்பரே, நீங்க நின்னா நாங்க பரிமாற முடியாது. உக்காருங்க, சூடு ஆறுது.”

மூப்பர் பலகாரத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

மேலே போனேன். ஆடு இல்லை. மூப்பரின் எருமைத்தோல் கோட்டு நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்துச் சுருட்டி முழங்காலுக்குள் இடுக்கி, தாடையில்தான் கை, இப்படி, வயிற்றில் தொடங்கி இப்படி, என்று காட்டினேன். கோட்டின் மயிர் கொஞ்சம் உதிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. உங்களுக்கு ஜோயலா சொல்லிக்கொடுத்தான் என்று ஒருவர் கேட்டார்.

“ஜோயல் எங்க இருந்தான்? அவனும் பட்டாளத்துலதான் இருந்தான். மூணு வசந்தமும் மந்தை முழுக்க நான்தான் கத்தரிச்சேன்.”

ஆர்சன் எழுந்து நின்றார். பிறகு சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார், கடிகாரம் அங்கே இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது.

கையைத் தூக்கச் சொன்னதும் முதலில் தூக்கினவர் அவர்தான். ஆடு ஜெயித்தது. மூப்பர் மூன்று துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டார்.

மார்ச் 4

பேசவில்லை.

மார்ச் 9

இன்னும் பேசவில்லை. கோபம் மாதிரியும் தெரியவில்லை. தொழுவத்தில் ஆடுகளுக்குப் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். அவை மிரளுகின்றன.

மார்ச் 15

இன்று பேசினார். உப்பு கேட்டார்.

1904 மே 30

போரில் செத்தவர்களின் கல்லறைகளுக்குப் பூப்போட்டுவிட்டு எல்லோரும் திடலுக்கு வந்தோம். துணியை விலக்கினார்கள். ஆடு அச்சு அசல். கரும்பட்டை முதுகில் அழுக்கு ரோமம் மாதிரியே ஓடுகிறது. கிழவர்கள் சுற்றிச் சுற்றி வந்து மடிப்புகளை எண்ணினார்கள். பெண்ணின் மூக்குதான் இத்தாலி மூக்கு. பொன்ஃபாத்தியிடம் கேட்டால், அது என் அம்மா மூக்கு என்று கூச்சப்படாமல் சொல்கிறார். இருக்கட்டும். முதுகும் கையும் என்னுடையவை.

ஆர்சன்தான் பேச வேண்டும். வர்ஜீனியா சண்டைக் கதையை எடுத்தால் ஒரு மணி நேரம். நான் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டேன். மேடையேறினார். சிலையைப் பார்த்தார்.

“நான் அப்ப இங்க இல்லீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. இருந்தவங்க பேசட்டும்.”

இறங்கிவிட்டார். பெண்கள் யாரும் பேசத் தயாராக வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேறு வழியில்லாமல் பேண்டு வாசித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர். ஃபிலூரா பார்த்துவிட்டாள். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூன் 2

காலையில் பால் கறக்கும்போது, பசுவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: “நான் பட்டாளத்துக்குக் கிளம்பின அன்னைக்கு, நான் போனப்புறம், நீ என்ன செஞ்சே?”

சொன்னேன்.

ஜூன் 11

தினமும் கேட்கிறார். விறகு யார் பிளந்தது, கன்று போட்டபோது யார் துணைக்கு இருந்தது, கிணறு உறைந்தபோது என்ன செய்தாய். ஒன்றுக்குப் பதில் சொல்வதற்குள் இன்னொன்று. கறக்கிறதை நிறுத்திவிட்டுக் கேட்பதால் பசு இவரை உதைக்கிறது, பால் லேட்டாகிறது. இத்தனை நாள் ஆகியும் இவர் கிளம்பிப்போன 1862-ஆம் வருடக் கிறிஸ்துமஸையே இன்னும் தாண்டவில்லை.