பின்பக்கம் பூசாத கேபினெட்

அன்புள்ள மச்சான்,

பத்து வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீங்கள் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டுமாம். "நீங்கதான் நல்லா எழுதுவீங்க. எங்கண்ணனுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்று உங்கள் தங்கை தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நாலு வார்த்தையில் முடிகிற விஷயமா நமக்குள் இருப்பது?

முதலில் ஒரு செய்தி. பிரிக்பீல்ட்ஸ் வீட்டு முன்னறையில் மறுபடியும் மீன்தொட்டி வைக்கப் போகிறேன். தொட்டியைத் தாங்கும் கேபினெட்டை நானே செய்கிறேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சட்டம் மெராந்தி மரம். பலகை, படகு வேலைக்கென்று விற்கிற தடித்த பிளைவுட். பலகையின் முகத்தில் விழும் தண்ணீர் வழிந்து போய்விடும். அறுத்த ஓரம்தான் அதை உறிஞ்சிக் குடிக்கும். அதனால் எல்லா ஓரத்துக்கும் தண்ணீர் புகாத ரெசின் மூன்று பூச்சு. ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் தேய்த்து அடுத்தது. காற்றுக்குழாய் நுழைகிற துளையின் உள்விளிம்பைக்கூட விடவில்லை. சுவரைப் பார்த்து நிற்கும் பின்பக்கத்துக்கு ஒரு பூச்சு அதிகம்.

இதையெல்லாம் முதல் தொட்டிக்கு நீங்கள் கேபினெட் செய்த அன்றே சொன்னேன். கிள்ளானில் உங்கள் மரத் தளவாடப் பட்டறையில், மரத்தூளை விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

"வாத்தியாரே, பாடத்த பள்ளிக்கூடத்துல நடத்துங்க. மரத்த எங்கிட்ட விடுங்க லா."

"பின்பக்க ஓரத்த மூடலன்னா ஈரம் ஏறும் மச்சான்."

"பின்பக்கத்த யாரு பாக்கப் போறா, சுவத்துப் பல்லியா?"

உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

லோரியில் வந்து இறங்கியது தேக்கு நிறத்தில் பளபளத்தது. மேலே ஒட்டியிருந்தது வெறும் தாள். உள்ளே மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த சிப்போர்ட். நான் ரெசின் டின்னைத் திறந்தேன். உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மருமகளுக்குத் தாய்மாமன் செஞ்ச சீருங்க. அதுமேல நீங்க பூசுவீங்களா? அண்ணன் பாத்தா என்ன நெனப்பாரு?" டின்னை மூடி வைத்தேன். அது என் தவறு. அதை மறைக்கவில்லை.

ஐந்து மாதம் சொட்டுச் சொட்டாக ஈரம் ஏறியது. தீபாவளியன்று, வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது, பின்மூலை உப்பி, தொட்டி சாய்ந்து, அடிக்கண்ணாடி விரிசல் விட்டது. தண்ணீர் முழுவதும் தரையில். முறுக்குத் தட்டுகளுக்கு நடுவே மீன்கள் துடித்தன. ஏழு வயது மகள் அவற்றைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு அழுதாள்.

நீங்கள் குனிந்து அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தொட்டுவிட்டு நிமிர்ந்து, எல்லோரும் கேட்கச் சொன்னீர்கள்: "புத்தகத்தப் பாத்துத் தண்ணி ஊத்துனா இப்படித்தான். மாப்ளே தொட்டா ஒடையும் லா!"

வீடே சிரித்தது. அழுதுகொண்டிருந்த என் மகளும் சிரித்தாள்.

அந்தப் பேச்சு அவளிடம் அப்படியே தங்கிவிட்டது. சைக்கிள் செயின் கழன்றால், ரேடியோ கரகரத்தால், "அப்பா, நீங்க தொடாதீங்க, ஒடஞ்சிரும். மாமா வரட்டும்." இப்போது அவளுக்குப் பதினேழு வயது. உங்கள் சாவு வீட்டில் அவளைவிட அதிகம் அழுதவர் யாரும் இல்லை.

போன மாதம் அந்தப் பழைய கேபினெட்டைப் பிரித்தேன். இத்தனை நாளும் செருப்பு வைக்கத்தான் இருந்தது. பின்பலகையைச் சுவரிலிருந்து நகர்த்தினால், பென்சிலில் உங்கள் கையெழுத்து. பட்டறை ஆட்களுக்காக மலாயில் எழுதியிருக்கிறீர்கள்: 'பெலாக்காங் தா பாயா'. பின்பக்கம் பூச வேண்டியதில்லை என்று அர்த்தம். நான் அவ்வளவு சொன்ன பிறகு எழுதியது.

தெரியாமல் செய்தீர்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தெரிந்துதான் செய்திருக்கிறீர்கள். தெரிந்துதான் என் மகள் முன்னால் என்னை அப்படி நிறுத்தினீர்கள். "என் வேலைதான் சரியில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்திருக்கும் மச்சான்?

உங்கள் தங்கை கேட்ட நாலு நல்ல வார்த்தையை வேறு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் படத்தோடு அது வரட்டும். இந்தக் கடிதம் தனியாக அதே பத்திரிகைக்குப் போகிறது. நான் செய்கிற கேபினெட் நிற்கும். உங்களை அறிந்தவர்கள் வந்து சுற்றிப் பார்க்கும்படி, சுவரைவிட்டுத் தள்ளியே நிறுத்துவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அம்மாவுக்குப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுபவள் என் மகள்தான். இதையும் படிப்பாள். "யாரு எழுதுனது?" என்று அவள் அம்மா கேட்பாள். அந்தப் பதில் அவள் வாயிலிருந்து வரட்டும். அதனால் பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன்