கிடாரத்துக்குக் கீழே கிடந்த துண்டு

என் ஆசை மச்சான் யோகனுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ சிரித்து முடித்தால்தான் மற்றதைக் கேட்பாய்.

உன் மகள் நிரோவின் கலியாண வீடியோவை நானே மிக்சிங் செய்து, டிஸ்க்கில் அடித்து, போன ஞாயிற்றுக்கிழமை கல்லடியில் உன் வீட்டு ரீவியில் போட்டுக் காட்டினேன். கிரானிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். எல்லோரும் பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, ஆவி பறக்கும் சோற்றுக் கிடாரம் ஒன்று திரை முழுக்க வந்து நின்றது. வந்தது போகவில்லை. சோற்றின் நடுவிலிருந்து மெல்ல மெல்ல ஒரு மீசை எழும்பியது. பிறகு இரண்டு கண்கள். பிறகு மாப்பிள்ளையின் தகப்பன் முழுதாக, ஆவிக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு.

"அப்பா, சோத்துக்குள்ள ஆள் இருக்கு!" என்று முதலில் கத்தியது என் மகள் கவிதான். பெற்ற பிள்ளை காட்டிக்கொடுத்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வீடு அதிரச் சிரித்தார்கள். சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார், "என்ன சம்பந்தி, கறி காணாமப் போயிட்டெண்டு என்னையும் போட்டு அவிச்சிட்டீங்களா?"

நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று என்னைக் கேட்காதே.

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் இல்லை. அதனால் இதைப் பேப்பருக்குக் கொடுக்கிறேன், சனங்களும் வாசிக்கட்டும். அவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். யோகன் என் தங்கச்சி தவமணியின் புருசன். நாங்கள் இரண்டு பேரும் கல்லடியில் கலியாண வீடியோக் கடை வைத்திருந்தோம். அவனுக்குக் கமரா, எனக்கு மிக்சிங். எடுத்த படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, வரிசையாகக் கோத்து, ஒரு துண்டு மற்றதாக மாறுகிற இடத்தில் இதயமோ பூவோ போடுகிற வேலைக்குப் பெயர் மிக்சிங். நான் மிக்சிங் வேலை செய்கிறேன் என்று கேள்விப்பட்டு ஒருவர் தன் வீட்டுக்குச் சீமெந்து குழைக்கக் கூப்பிட்டதும் உண்டு. ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்ட பிறகு கைகொடுத்த தொழில் அதுதான்.

நமக்குள் சண்டை எதற்கு வரும் என்று ஞாபகம் இருக்கிறதா மச்சான்? முந்திய துண்டின் வாலும் பிந்திய துண்டின் தலையும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக் கிடந்தால்தான் ஒன்று கரைந்து மற்றது வரும். அதற்கு வாலும் தலையும் மிச்சம் இருக்க வேண்டும். நானோ ஒட்ட நறுக்கிவிடுவேன். நீ முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவாய், "டேய், மீன் வெட்டுறவனே தலைய வைச்சுத்தாண்டா வெட்டுறான். நீ என்னடா எல்லாத்தையும் நடுத்துண்டாக்கிற?"

"நடுத்துண்டுக்குத்தானே மச்சான் சனம் அடிபடுற," என்பேன்.

"வாலுக்குள்ளதாண்டா ஆக்கள் உண்மையா இருப்பாங்க. கமரா நிண்டுட்டெண்டு நினைச்சு."

அந்த மார்கழி ஞாயிறு காலையில் நீ மீன் வாங்கத்தான் கடற்கரைக்குப் போனாய். கடல் ஏறி வந்து உன்னையும் எடுத்தது, கடையையும் எடுத்தது. கமரா மட்டும் என் வீட்டு ஆணியில் தொங்கித் தப்பியது. ஊரில் எத்தனையோ பேருடைய கலியாணக் கசெற்றுகளோடு உன் கலியாணக் கசெற்றும் போய்விட்டது. அதில்தான் தவம் கூறை உடுத்திக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, கமராவைக் கண்டு வெட்கப்பட்டு உன் தோளுக்குப் பின்னால் ஒளிந்தாள். அதன் பிறகு நிரோவின் கலியாணம் வரைக்கும் அவளை எவரும் வீடியோ எடுத்ததில்லை. நான் உட்பட. ஊரான் பெண்டாட்டிகளை எல்லாம் எடுத்தவன், கூடப் பிறந்தவளை எடுக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள் மச்சான். நான் செய்த வேலையின் பாரம் இதில்தான் கிடக்கிறது.

இனி ஊர்ப் புதினம். நாட்டுச் சண்டை முடிந்துவிட்டது. முடிந்ததைப் பற்றி எழுத எனக்குப் படிப்புக் காணாது. முடிந்த பிறகு நடந்ததைத்தான் எழுதலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போய்வர இப்போது அவ்வளவு கரைச்சல் இல்லை. நிரோவின் மாப்பிள்ளை கிரான். வயல்காரக் குடும்பம். எத்தனையோ தரம் மூட்டை கட்டி ஓடி, திரும்பி வந்து, இந்த முறைதான் தங்கள் வயல் வட்டையில் தாங்களே விதைத்துத் தாங்களே அறுத்திருக்கிறார்கள். ஆவணியில் கலியாணம் நடந்தது. நம் முறைப்படி மாப்பிள்ளை உன் வீட்டுக்கு வந்துவிட்டான். அலை உடைத்த வீட்டை மறுபடி கட்டிய பிறகு நீ பார்க்கவில்லையே, கூரை இப்போது கொஞ்சம் உயரம்.

உன் இடத்தில் நானும் என் மனுசியும் நின்று பிள்ளையைத் தாரைவார்த்துக் கொடுத்தோம். அதனால் கமராவை ஒரு கூட்டாளியின் கையில் கொடுத்திருந்தேன். தவம் எங்கே நின்றாள் என்று கேட்கிறாயா? எங்கே நிற்பாள். மண்டபத்துக் குசினி வாசலில், கதவு நீக்கலுக்குள். புருசனை இழந்தவள் மங்கலத்துக்கு முன்னுக்கு வரக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சோடி சோடியாக வந்து அறுகரிசி போட்டார்கள். அறுகம்புல்லும் அரிசியும் எடுத்துப் பிள்ளைகளின் தலையில் தூவி வாழ்த்திவிட்டுப் போனார்கள். எல்லோரும் முடித்த நேரம் நிரோ எழும்பினாள். மணவறையை விட்டுப் பொம்பிளை எழும்புகிறாளே என்று ஐயர் மந்திரத்தையே விட்டுவிட்டார். அவள் நேரே குசினிக்குப் போய்த் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"விடுகா புள்ள, கை ஈரம்," என்றாள் தவம்.

"ஈரக் கையாலயே போடுங்க அம்மா. நீங்க போடாம நான் போய் இருக்கமாட்டன்."

தவம் போட்டாள். ஈரக் கையில் அரிசி ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. அவள் கையை உதற, அது மாப்பிள்ளையின் மூக்கில் போய் ஒட்டியது. அவன் தும்மினான். தவம் சிரித்தாள். மச்சான், அந்த அலைக்குப் பிறகு அவள் வாய் திறந்து சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். கூட்டாளி அத்தனையையும் எடுத்திருந்தான்.

மிக்சிங்குக்கு இருந்து, அந்த இடம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. சத்தியமாக என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தி சொல்லவில்லை, ஐயரும் சொல்லவில்லை. நானே மனதுக்குள் ஒரு சம்பந்தியை உண்டாக்கி, அவருக்குக் கோபம் வரப்பண்ணி, அந்தக் கோபத்துக்குப் பயந்து நடுங்கினேன். முறை பார்க்கிற ஆட்களாக இருந்தால்? வெளிநாட்டில் உள்ள சொந்தமெல்லாம் இதைப் பார்க்குமே? நாளைக்குப் பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லிவிட்டால்?

அழிக்க மனம் வரவில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவன், பார். சமையல் காட்சியில் நீளமாக ஒரு துண்டு கிடந்தது, சோற்றுக் கிடாரம். அதை இழுத்துக்கொண்டு வந்து அதே வரிசையில் தவத்தின் மேல் போட்டேன். ஒரு பாயின் மேல் இன்னொரு பாயை விரித்தது மாதிரி. கீழே கிடப்பது கீழேயே கிடக்கும். மேலே கிடப்பதுதான் ஊருக்குத் தெரியும்.

கணக்கில் தவறியவன் அல்லவா, அளவிலும் தவறினேன். கிடாரத்தின் வால் தவத்தைத் தாண்டிப்போய் அடுத்த துண்டின் தலையில் ஏறிவிட்டது. அடுத்த துண்டு சம்பந்தி சிரிக்கிறது. ஒரே வரிசையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் இந்தக் கொம்பியூட்டர் யாரையும் கேட்காது, தானாகவே இரண்டையும் கரைத்துக் கலந்துவிடும். ஒரு முகத்தை மூடப் போய் இன்னொரு முகத்தை அவித்த கதை இதுதான். பார்த்துச் சரிபிழை திருத்தாமலே டிஸ்க்கும் அடித்துவிட்டேன். ஏன் பார்க்கவில்லை? அந்த இடத்தைத் திரும்பப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சிரிப்பு அடங்கின பிறகு மாப்பிள்ளையின் அக்கா சாந்தி என் பக்கம் திரும்பினாள். அவளுடைய புருசன் சண்டையில் போய்விட்டான். கலியாணத்தன்று அவளும் மண்டபத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் நின்றாள்.

"மாமா, நிரோட அம்மா அறுகரிசி போட்டாவே, அது எங்க? அதப் பாக்கத்தான் நான் புள்ளையளையும் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்த."

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "அந்த நேரம் பாத்து கமராவுக்குப் பற்றரி இறங்கிட்டு மகள்."

"சே, நல்ல இடமாப் பாத்துத்தான் அது இறங்கும்," என்றார் சம்பந்தி. உண்மையாகவே கவலைப்பட்டார். நான் மனதுக்குள் உண்டாக்கிய சம்பந்தி எங்கே, பாயில் இருந்த இந்த மனுசன் எங்கே?

நிரோ என்னையே பார்த்தாள். கமரா அவள் முகத்துக்கு நேரே நின்றது. அதன் சிவப்பு வெளிச்சம் எரிந்ததை அவள் கண்டிருக்கிறாள். "மாமா..." என்று தொடங்கினாள். அப்போதுதான் தவம் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தாள்.

"ஓம் புள்ள, பற்றரி இறங்கிட்டெண்டு அண்ண எனக்கு அண்டைக்கே சொன்னவர். தேத்தண்ணி ஆறுது, எடுங்க."

நான் அவளுக்கு ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை மச்சான். எல்லாம் விளங்கித்தான் பொய் சொன்னாள். நான் சபைக்கு முன்னால் அவளை மூடினேன். அவள் சபைக்கு முன்னால் என்னை மூடினாள். சாந்தி "சரி மாமா" என்று தலையாட்டிவிட்டுத் தன் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியை ஆற்றத் தொடங்கினாள். அந்தத் தலையாட்டலை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கிடாரத்தைப் பிடித்து ஓரத்தில் தள்ளினேன். கீழே தவம் அப்படியே இருந்தாள். ஈரக் கை, அரிசி, தும்மல், சிரிப்பு, எல்லாம். கூட்டாளி உன்னைப் போலவே கமராவைக் கடைசிவரை ஓடவிட்டிருந்தான், வால் நீளமாகக் கிடந்தது. அதை நான் முன்பு பார்க்கவே இல்லை. சிரித்து முடித்த தவம், யாருக்குக் கோபம் என்று ஒவ்வொரு முகமாகத் தேடுகிறாள். தேடி, கடைசியில் என் முகத்துக்கு வருகிறாள். ஓரத்தில் தாம்பாளத்தோடு நிற்கிறேன் நான். என் கால்விரலில் ஏதோ அதிசயம் முளைத்தது மாதிரிக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய சிரிப்பு அந்த இடத்தில்தான் நிற்கிறது.

வெட்டத்தான் கை போனது. பழக்கம் அல்லவா? நீ பின்னால் நின்று கத்தாததால் நானே எனக்குக் கத்திக்கொண்டேன். வெட்டவில்லை. இதயம் போடவில்லை, பூவும் போடவில்லை. தலையோடும் வாலோடும், என் குனிந்த தலையோடும் அதை அப்படியே விட்டேன். சம்பந்தியையும் சோற்றிலிருந்து தூக்கிக் கரையேற்றியாயிற்று. அதில் கவிக்கு மட்டும்தான் பெரிய கவலை.

புதிதாக அடித்த டிஸ்க்கில் ஒன்று சாந்திக்குக் கிரானுக்குப் போய்விட்டது. மற்றதை நேற்று நானே கல்லடிக்குக் கொண்டுபோனேன். தவம் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். டிஸ்க்கை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பற்றரி ஏறிட்டா அண்ண?" என்றாள். கடைவாயில் அந்த ஈரக் கைச் சிரிப்பு.

"ஓம், ஏறிட்டு," என்றேன். மறுபடியும் கால்விரலைப் பார்த்துக்கொண்டுதான்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நிரோவுக்கு ஒரு பிள்ளை பிறந்து தொட்டிலில் போடுகிற அன்றைக்கு, எல்லோருக்கும் முன்னால் அந்தப் பிள்ளையைத் தவம்தான் கையில் ஏந்துவாள். நான் கமராவோடு அவளுக்கு நேரே நிற்பேன், தலை குனியாமல். அவள் தேடிக்கொண்டு வந்தால் என் முகம் அங்கே இருக்கும். அதற்கு முன்னால், நேற்று அந்த முற்றத்தில் நாக்கு நுனிவரை வந்து நின்றதை அவளிடம் சொல்லியாக வேண்டும். முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்:

பற்றரி இறங்கேல்ல தங்கச்சி. இறங்கினது நான்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
தவத்துக்கு அண்ணன்