பென்சில் குறி இட்ட முட்டைகள்

என் மாப்பிள்ளை சிங்காரத்துக்கு,

நீ போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போதுதான் எழுதக் கை வந்தது. பாடக் குறிப்பு எழுதியே பழகிய வாத்தியார் நான். நீ கேலி செய்வாய் என்று தெரிந்தும், சொல்லவேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. மறுபடியும் ஒரு பெட்டி செய்திருக்கிறேன்.
2. பழைய பெட்டியின் கதை. உனக்குத் தெரியும்; இதைப் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாது.
3. அன்று முட்டைகள் செத்தது விளக்கு அணைந்ததால். அதற்காக உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன்.
4. அந்தப் பாம்புச் சட்டைக்கு எனக்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை.

முதலாவது. போன வாரம் கொல்லையில் வைக்கோல் போரைப் பிரித்தபோது அடியில் ஒன்பது முட்டைகள் கிடந்தன. வெள்ளையாக, தோல் போல, தொட்டால் குழிகிற முட்டைகள். ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, உன் கமலத்தின் மருந்து வந்த தெர்மாகோல் பெட்டியில் ஈர மணல் பரப்பி, சின்ன பல்பு ஒன்று மாட்டி, உள்ளே வைத்துவிட்டேன்.

கமலம் கதவைத் தாண்டி வரவில்லை. "அண்ணா, அதே வாசம் வருது" என்றாள். உருளைக்கிழங்கு வேகிற வாசம். பாம்பு கொட்டாவி விட்டால் அப்படி வரும் என்பார்களே, அது. எங்கள் வீட்டில் அப்போது அடுப்பே எரியவில்லை.

இரண்டாவது. சென்னையில் ஆட்சி மாறி, குடியிருப்பவனுக்கே மனை என்ற பேச்சு வயல்வெளியெல்லாம் பரவிய காலம். பண்ணையார் மண்ணில் அவர் தயவில் குடிசை போட்டிருந்த பதினொரு குடும்பங்களுக்கு, வாய்க்கால் கரைப் புறம்போக்கில் இடம் அளந்து கொடுத்தார்கள். தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து நீ வாங்கிக் கொடுத்த இடம். அதன் நடுவில் ஒரு புற்று இருந்தது. அங்கே குடியேறினால் வம்சம் தழைக்காது என்று பண்ணையார் ஆள்விட்டுச் சொன்னார். வைகாசியில் கடைக்கால் தோண்டியபோது புற்று சரிந்தது. பதினான்கு முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வெளியே வந்தன. அத்தனை மண்வெட்டியும் நின்றுவிட்டது.

"முட்டைக்குப் போயா பயப்படுறீங்க?" என்றாய்.

அங்கே குடியேற வந்தவர்களில் ஒருத்தியான அஞ்சலை இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "உங்க கறுப்புச் சட்டையப் பாத்து பண்ணையாரு வேணா பயப்படுவாரு. பாம்பு பயப்படுமாங்க? கூட்டைக் கலைச்சது நாங்க. இதுங்க உசுரோட பொரிச்சு ஊர்ந்து போவட்டும், மறுநாளே கொட்டாய் போடுறோம். செத்துச்சுன்னா அந்தப் பாவத்து மேல அடுப்பு மூட்ட மாட்டோம்."

"பொரிச்சுக் காட்டுறேன். எங்க மச்சான் வாத்தியாரு, அவரு பாத்துப்பாரு."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "வாத்தியாரய்யா அடைகாத்தா முட்டைக்கே பயம் வந்துடும்." எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான்.

பாம்பு முட்டையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கோழி முட்டை தெரியும். விவசாய இலாகா கொடுத்த கோழி வளர்ப்புத் துண்டுப்பிரசுரம் ஒன்று என்னிடம் இருந்தது. பள்ளிக் கமிட்டியில் பண்ணையார் இருந்ததால் வெளியே தலைகாட்ட எனக்குப் பயம். பெட்டி என் வீட்டு உள்ளறையில் இருக்கட்டும், என் பங்கு அதுதான் என்றேன். தேயிலைப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, இடையில் உமி, அடியில் தகரம், அதற்குக் கீழே உன் பித்தளைச் சிம்னி விளக்கு. பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு வெப்பமானி. ஆற்று மணலில் முட்டைகளைப் பிரித்து வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை, மதியம், மாலை திருப்பினேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

சில வாரங்கள் கழித்து ஒன்று நடந்தது. உன்னிடம்கூட நான் சொல்லவில்லை. நான் திருப்பும்போது, உள்ளே ஏதோ எதிர்ப்பக்கமாகத் திரும்புவது விரல் நுனியில் தெரிந்தது. ஒவ்வொரு முட்டையிலும். உயிர் இருக்கிறதே என்று சந்தோஷப்படவேண்டியவன், போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

மூன்றாவது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது உன் வேலை. ஒரு நாள் தாலுகா ஆபீஸில் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாய். மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து நான் வந்தபோது சிம்னி குளிர்ந்திருந்தது. அந்த வாரத்திலேயே விரல் நுனியில் அசைவு நின்றுபோனது. முட்டைகள், இமை மூடுவது போல, ஒவ்வொன்றாகக் குழிந்தன.

எல்லோர் முன்னாலும் பிளேடால் கீறினோம். முழு உருவம் வந்த குஞ்சுகள், கண் திறந்திருந்தன. ஒவ்வொன்றையும் அதன் தொப்புள் கொடியே சுற்றி இறுக்கியிருந்தது. பதினான்கும் ஒரே திசையில்.

அஞ்சலை குனிந்து பார்த்தாள். "வைக்கோல் பிரி முறுக்கின மாதிரில்ல இருக்கு. யாரு முறுக்கினா?" என்றாள். பதினொரு குடும்பமும் பண்ணையார் மண்ணிலேயே தங்கிவிட்டது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு, பத்து வருடத்துக்கு மேல். வேறொரு பக்கம் காலனி வந்த பிறகுதான் விடிந்தது. புற்று இருந்த இடத்தில் பண்ணையாரின் தென்னை நின்றது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், கடைசி வாரம், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே: "விளக்கு எவ்வளவு நேரம் அணைஞ்சிருக்கும் மச்சான்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றேன். மன்னிக்கிறவன் குரலில் சொன்னேன்.

இதுவரை எழுதிவிட்டு நான்கு நாள் நிறுத்தியிருந்தேன். கமலம் பயந்துபோய்ப் போன் செய்து, வனத்துறையில் பாம்பு பிடிக்கிற அம்மா ஒருவரை வரவழைத்துவிட்டாள். அவர் மூடியைத் திறந்து, முட்டைகளில் நான் மறுபடியும் போட்டிருந்த பென்சில் குறிகளைப் பார்த்தார்.

"ஐயா, இது என்ன குறிங்க?"

"திருப்புறதுக்கு. மூணு வேளை."

உள்ளே நீட்டிய கை அப்படியே நின்றது. "பாம்பு முட்டையத் திருப்பக் கூடாதுங்க. கோழிதான் புரட்டும். இது போட்ட வாக்குலயே, அசையாம கிடக்கணும். புரட்டிக்கிட்டே இருந்தா உள்ள கொடி முறுக்கிக்கும்."

நான் கேட்டேன்: "விளக்கு அணைஞ்சா?"

அவர் சிரித்தார். "வைகாசி வெயில்ல நம்ம ஊர்ல விளக்கு எதுக்குங்க? இந்தப் பல்பே வேண்டாம்."

இது பிழைக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்று சொல்லி, பெட்டியை ஆடாமல் அசையாமல் தூக்கிக்கொண்டு போனார்.

நான்காவது. அன்று நாம் முட்டைகளைக் கீறிய நாள் காலையில், பூட்டிய அறையில், பெட்டி மூடிமேல் ஒரு முழுப் பாம்புச் சட்டை கிடந்ததே. "காத்துல வந்திருக்கும் மச்சான்" என்றாய். இன்று காலை, பெட்டி இருந்த வெறும் மேசைமேல் அதே போல ஒன்று கிடக்கிறது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. கண் இருந்த இரண்டு வட்டங்களும் என் கட்டில் பக்கம் திரும்பியிருக்கின்றன. காற்று என்று சொல்ல இப்போது நீயும் இல்லை. மதியம் ஆனால் என் விரல் நுனியில் அந்த அசைவு வருகிறது. அன்று உள்ளே இருந்த உயிர் தன் இடத்துக்குத் திரும்பப் பார்த்திருக்கிறது, இல்லையா? நான் விடாமல் திருப்பியிருக்கிறேன்.

கமலத்திடம் சொல்லிவிட்டேன். அவள் பரணிலிருந்து உன் சிம்னி விளக்கை இறக்கி, புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை காலனிக்குப் போகிறேன். அஞ்சலை வாசலில் நின்று, அந்தத் தெருவே கேட்கும்படி, முறுக்கியது யார் என்று சொல்லப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போவேன், இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, மாப்பிள்ளை. அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், எல்லோரும் படிக்கட்டும். உன் விளக்கு எதையும் கொல்லவில்லை. மன்னிக்கிற இடத்தில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

உன் மச்சான்,
நடராசன்